சிங்கப்பூர் போக ஏழு மணி நேரமெல்லாம் ஆகாதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல மதுரை டு சிங்கப்பூர் ஃபிளைட் பத்தி ஒரு பாக்ஸ் போட்டிருந்தீங்க, அதுல போறதுக்கு ஆறே முக்கால் மணி நேரம், திரும்பி வர ஒன்னே முக்கால் மணி நேரம்னு இருக்கு. ஏங்க, அதே கடல் அதே தூரம், வரும்போது மட்டும் ராக்கெட்லயா ஏத்தி விடுறாங்க? டிக்கெட்ல இருக்க ரெண்டு டைமையும் அப்டியே கழிச்சுப் போட்டுட்டீங்க போல. கிளம்புற டைம் கிளம்புற ஊரு கடிகாரம், எறங்குற டைம் எறங்குற ஊரு கடிகாரம், அத பாக்ஸ் போட்டவரு கவனிக்கல.

சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. ராத்திரி 11 மணிக்கு நம்ம மதுரை ஏர்போர்ட்டு இருக்க பெருங்குடியில ஏறுனா அங்க காலைல 5.45க்கு எறங்குறீங்கன்னு வைங்க, அதுல ரெண்டரைய கழிச்சா நாலேகால் மணி நேரம், வரும்போது அதே ரெண்டரைய கூட்டுனா அதுவும் நாலேகால் தான், கணக்கு முடிஞ்சுச்சு. தூரம் நேர்கோட்டுல சுமாரா 3,000 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 800க்கு மேல போகும், ஏற எறங்க கொஞ்சம் சேத்துக்கிட்டா நாலு மணி நேரத்த ஒட்டித்தான் வரணும். இதுல ஒரு கூத்து என்னன்னா 1981 வரைக்கும் நமக்கும் அவங்களுக்கும் ரெண்டு மணி நேரம் தான் வித்தியாசம், மலேசியா கடிகாரத்த அரை மணி முன்ன தள்ளுனப்ப சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கிச்சு, 1982 ஜனவரி 1ல இருந்து தான் இந்த ரெண்டரை.

துபாய்க்கு அப்டியே உல்ட்டா. அவங்க நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி, அதனால போறது கம்மியாவும் வர்றது ஜாஸ்தியாவும் தெரியும். மதுரைல நின்னு பாத்தா கிழக்க சிங்கப்பூரும் மேற்க துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம் தான், ரெண்டு பக்கமும் சுமார் 3,000. இது எத்தன பேருக்குத் தெரியும்? கொழும்பு இன்னும் ஆச்சரியம், ஆகாச தூரத்துல பாத்தா நம்ம சென்னைய விட அது தான் மதுரைக்குப் பக்கம், கடிகாரமும் ஒன்னு தான், அங்க மட்டும் நீங்க டிக்கெட்ட பாத்து கழிச்சாலும் தப்பாகாது.

இதெல்லாம் சின்ன விஷயம்னு விட்றாதீங்க. எங்க தெருவுல ஒரு அத்தைக்கு சுகர், மகன் சிங்கப்பூர்ல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், நீங்க போட்டத படிச்சுட்டு ஏழு மணி நேரம் ஒக்காந்தா காலு வீங்கிரும், நான் வரலடான்னு போன்ல சொல்லிட்டாங்க. மாத்திரை டப்பாவ மடியில வச்சுக்கிட்டு எத்தன மணிக்கு எத போடன்னு என்னைய கேக்குறாங்க, நான் நாலு மணி நேரம் தான் அத்தைன்னா, பேப்பர்ல போட்டிருக்கு நீ என்ன பெரிய இவனான்னு கேக்குறாங்க.

அதனால அடுத்த தடவ போடும்போது பறக்குற நேரம்னு ஒரு கட்டம், மணி வித்தியாசம்னு ஒரு கட்டம், தனித்தனியா போடுங்க. அப்புறம் ராத்திரி 12 மணிக்கு மேல கிளம்புற ஃபிளைட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே ஏர்போர்ட் வரணும்னு கொட்ட எழுத்துல ஒரு வரி சேத்திருங்க, 15ஆம் தேதி 12.30னு டிக்கெட்ல பாத்துட்டு 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோட வந்து நிக்கிறவங்க இன்னும் இருக்காங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், திருமங்கலம்