மெர்சிடிஸ் அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மெர்சிடிஸ் அக்கா,

1944 ஸ்பெயினில் நடக்கும் 'பான்ஸ் லாபிரிந்த்' படம் என்றாலே எல்லாரும் சிறுமி ஒஃபீலியாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கொம்பு முளைத்த ஃபான், உள்ளங்கையில் கண்ணைப் பொருத்திக்கொண்டு வரும் பிள்ளை தின்னும் அரக்கன், எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் நேற்று நான்காவது முறை பார்த்தபோது என் கண் உங்களை விட்டு நகரவில்லை.

காய் நறுக்கி முடித்ததும் அந்தச் சின்னக் கத்தியைத் துடைத்து, இடுப்பில் ஏப்ரன் மடிப்புக்குள் செருகிக்கொள்கிறீர்கள். எங்கள் ஊரில் முந்தானையில் சில்லறையை முடிந்துகொள்வார்களே, அதேபோல, பார்க்காமலே கை அந்த வேலையைச் செய்கிறது. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆள் கேப்டன் விடால், அவன் வீட்டில்தான் உங்கள் வேலை, அவன் கண்ணில் அது படவே இல்லை. அவனுக்கு நீங்கள் சோறு போடுகிற, சாவி வைத்திருக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். அடுப்படியில் தரைக்கல்லைப் பெயர்த்து, ஒளித்து வைத்த கடிதங்களை எடுத்துக்கொண்டு காட்டில் ஃபிராங்கோவை எதிர்த்துப் போராடும் உங்கள் உடன்பிறப்பு பெத்ரோவைப் பார்க்கப் போனதும் அதே கைதான்.

விடாலின் துணியைத் துவைத்து, அவனுக்குப் படுக்கை விரித்து வாழ்வதால் நீங்கள் ஒரு கோழை என்று, போராளிகளுக்கு ரகசியமாக உதவும் டாக்டரிடம் அழுதீர்கள். அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை அக்கா. ஒவ்வொரு நாளும் அவன் முன்னால் நிற்பதற்கு என்ன துணிச்சல் வேண்டும்!

சரி, 1944-க்கு அப்புறம் நடந்ததை உங்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய செய்தியைக் காட்டுக் குகையில் உங்கள் ஆட்கள் எவ்வளவு ஆசையோடு படித்தார்கள்! அடுத்து நம் பக்கம்தான் வருவார்கள் என்று நம்பியிருப்பீர்கள். வரவில்லை. அந்த அக்டோபரிலேயே பிரான்சிலிருந்து பைரனீஸ் மலையைத் தாண்டி ஆரான் பள்ளத்தாக்குக்குள் வந்த கெரில்லாக்கள் சில நாட்களில் பின்வாங்க வேண்டியதாயிற்று. 1945-இல் ஹிட்லரும் முசோலினியும் ஒழிந்தார்கள், ஃபிராங்கோ அசையவில்லை. 1953-இல் இராணுவத் தளங்களுக்காக அமெரிக்கா அவரோடு ஒப்பந்தமே போட்டது. ரொட்டி இல்லாத வீடே ஸ்பெயினில் இல்லை என்று உங்கள் ஊரில் சொல்லிக்கொண்டே ரேஷன் கொடுத்தார்களே, அந்த ரேஷன் அட்டை 1952 வரை இருந்தது. ஃபிராங்கோ 1975 நவம்பர் 20 அன்று, ஆட்சியில் இருந்தபடியே இறந்தார்.

உங்களைப் படைத்த கியெர்மோ டெல் டோரோ மெக்சிகோக்காரர். உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவிடம் தோற்ற உங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் தஞ்சம் புகுந்த நாடு அது. 2006-இல் அவர் இந்தப் படத்தைக் கொண்டுவந்தபோது, உங்கள் நாட்டில் சாலையோரக் குழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு பிரியாரான்சா டெல் பியர்சோ என்ற ஊரில், 1936-இல் ஃபிராங்கோ பக்கத்தார் சுட்டுப் புதைத்த 13 பேரை வெளியே எடுத்தார்கள். தாத்தாவைத் தேடிப்போன ஒரு பேரனால் தொடங்கியது அது. டிஎன்ஏ சோதனையில் அந்தத் தாத்தாவுக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது. அதைப் படித்தபோது, முதுகில் சுடப்பட்டு விழுந்த உங்கள் டாக்டர்தான் நினைவுக்கு வந்தார். அவரை எங்கே புதைத்தார்களோ.

கடைசியில் போராளிகளிடம் மாட்டிக்கொண்ட விடால் தன் கைக்குழந்தையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, அப்பா எத்தனை மணிக்குச் செத்தார் என்று அவனுக்குச் சொல்லுங்கள் என்று ஆரம்பிக்கிறான். உன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது என்று முடித்துவிட்டீர்கள். விடால் கையால் அந்த முயல் வேட்டைக்கார அப்பாவும் மகனும் சாகும்போது வாயடைத்துப் போன நான், அந்த இடத்தில்தான் மூச்சு விட்டேன்.

ஃபிராங்கோ சாகும்போது அந்தப் பையனுக்கு 31 வயது ஆகியிருக்கும். அவனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் அக்கா? வரிகள் மறந்துபோய் வெறும் மெட்டாக ஒஃபீலியாவுக்கு முனகினீர்களே, அதையே அவனுக்கும் பாடினீர்களா?

அன்புடன்,
உங்கள் தம்பி