திருப்பூர் ஏற்றுமதி முதலாளிகளுக்கு: மெர்ச்சண்டைசர் மேசைக்கு இன்னொரு திரை

மதிப்பிற்குரிய பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு,

வணக்கம். அவிநாசி சாலையிலோ பெருமாநல்லூர்ப் பக்கமோ பல்லடம் சாலையிலோ, ஓரளவு பெரிய ஏற்றுமதி நிறுவனம் எதற்குள் நுழைந்தாலும் முதலாளியின் அறைச் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டியிருக்கிறது. கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், வாசல் கேட் என்று கேமராக்கள் காட்டுவதெல்லாம் கட்டம் கட்டமாக ஒரே நேரத்தில் அதில் தெரியும். மேசைமேல் தனியாக ஒரு கணினி. கேட்டில் எந்த வண்டி நிற்கிறது என்று பார்ப்பதற்காக மேசையில் திறந்திருக்கும் கணக்கை நீங்கள் மூட வேண்டியதில்லை. இதே வசதியை வெளியே ஹாலில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆர்டரையும் சாம்பிளிலிருந்து சரக்கு அனுப்புவது வரை கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசருக்கும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நானும் ஒரு மெர்ச்சண்டைசர்தான். எங்கள் வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அது திரையில் எப்படி நடக்கிறது என்று அருகில் நின்று பார்த்த முதலாளிகள் குறைவு. பையர், அதாவது ஆர்டர் கொடுப்பவர், அனுப்பிய டெக் பேக் (ஆடையின் வடிவமும் அளவுகளும் அடங்கிய குறிப்பு) பிடிஎஃப்பில் இருக்கும். சாதாரண டி-சர்ட்டுக்கே பதினைந்து, இருபது இடங்களில் அளவு கொடுத்திருப்பார்கள். எக்ஸ்எஸ் முதல் எக்ஸ்எக்ஸ்எல் வரை ஆறு சைஸ் என்றால் நூறு எண்களைத் தொட்டுவிடும். சாம்பிளை அளந்து எடுத்த எண்கள் எக்செலில் இருக்கும். கழுத்து அகலத்தை அரை சென்டிமீட்டர் குறைக்கச் சொல்லும் திருத்தம் மின்னஞ்சலில் வந்திருக்கும். டையிங்கிலிருந்து துணி எப்போது வரும் என்ற பதில் வாட்ஸப்பில். பதினான்கு அங்குல லேப்டாப்பில் இவற்றில் ஒன்றுதான் படிக்கிற அளவில் தெரியும். ஒன்றைப் பார்த்து, எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, அடுத்ததைத் திறந்து, அதில் அடித்துவிட்டு, மறுபடி முதலாவதற்குத் திரும்பி, எந்த வரியில் விட்டோம் என்று தேட வேண்டும். காலையிலிருந்து இரவு வரை இதுதான் நடக்கிறது.

தவறு நுழைவது இப்படித் தாவித் தாவிப் பார்ப்பதற்கு நடுவில். எம் சைஸுக்கு அரை மார்பு (ஆடையைத் தட்டையாக விரித்து அளக்கும் மார்பகலம்) 53 சென்டிமீட்டர், எல் சைஸுக்கு 56 என்று வைத்துக்கொள்வோம். கண் ஒரு கட்டம் நகர்ந்தால் 56 போய் எம் கட்டத்தில் உட்கார்ந்துவிடும். பேட்டர்ன் மாஸ்டர் எங்கள் தாளை நம்பித்தான் வெட்டுகிறார். கட்டிங் மேசையில் துணியை வெட்டிய பிறகு தெரிந்தால் துணி போச்சு. தைத்து முடித்த பிறகு தெரிந்தால், தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு ஹாலில் கேட்கும் சொல் ஒன்றே ஒன்று: கவனமில்லை. பார்க்க வேண்டிய இரண்டு தாள்களும் ஒரே நேரத்தில் கண்முன் இல்லாத ஒருவரிடம் எவ்வளவு கவனத்தைத்தான் எதிர்பார்ப்பீர்கள்?

இதற்கு நாங்களே கண்டுபிடித்த மாற்று வழி பிரிண்ட் எடுப்பது. டெக் பேக் முழுவதையும் அச்சடித்து இடது பக்கம் வைத்துக்கொண்டு அடிப்போம். உண்மையில் அதுவும் இரண்டாவது திரைதான். ஒரே குறை, அது மாறாது. பையர் செவ்வாய்க்கிழமை திருத்திய டெக் பேக்கை அனுப்பியிருப்பார். மேசைமேல் திங்கட்கிழமைத் தாள் இருக்கும். பழைய தாளைப் பார்த்துப் புதிய ஆர்டரை ஓட்டிய கதை உங்களில் பலருடைய கம்பெனியில் இருக்கும் என்பதால் அதை விரிக்கவில்லை.

செலவைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்திரண்டு அங்குல மானிட்டர் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. லேப்டாப் வைத்திருப்பவருக்கு ஒன்று போதும். லேப்டாப் திரையோடு சேர்ந்து இரண்டாகிவிடும். மின்சாரம் இருபது, இருபத்தைந்து வாட். பத்து மணி நேரம் ஓடினாலும் நாளுக்குக் கால் யூனிட். தலைக்குமேல் சுற்றும் பழைய மின்விசிறி அதைப்போல மூன்று மடங்கு இழுக்கிறது. இறக்குமதித் தையல் இயந்திரத்துக்குக் கடன் வாங்கத் தயங்காதவர்கள் இந்தத் தொகைக்கு மட்டும் "பார்க்கலாம்" என்பது எனக்கு விளங்கவில்லை.

இரண்டு திரை வைத்தால் வேலை இத்தனை சதவீதம் கூடும் என்று விற்பவர்கள் எண் சொல்வார்கள். அந்த எண்களை நான் இங்கே கொண்டுவரவில்லை. அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் 2008ஆம் ஆண்டு யூட்டா பல்கலைக்கழக ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே என்இசி என்ற மானிட்டர் கம்பெனி. உங்கள் கம்பெனியிலேயே ஒரு ஸ்டைலை, அதாவது ஒரு ஆடை மாடலின் வேலையை, இரண்டு திரையில் ஓட்டிப் பாருங்கள், அது போதும். இது ஒன்றும் புதுமையும் அல்ல. 1998இல் வந்த விண்டோஸ் 98லேயே ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளை இணைக்க முடிந்தது.

இரண்டாவது திரையில் யூடியூப் ஓடும் என்று ஒரு முதலாளி சொன்னார். ஓடட்டுமே என்று சொல்ல மாட்டேன். ஆனால் படம் பார்க்க நினைப்பவருக்குக் கைப்பேசி போதும். அதற்காக இருபத்திரண்டு அங்குலத்தை உங்கள் கண்ணெதிரே விரித்து வைக்க மாட்டார்.

எல்லோருக்கும் வாங்கித் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. மெயில் பார்த்துப் பதில் போடுபவருக்கு ஒன்று போதும். மெர்ச்சண்டைசருக்கு அடுத்தபடியாக இது தேவைப்படுவது கணக்குப் பிரிவுக்குத்தான். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் பில்கள், ஜிஎஸ்டி தளம் தரும் உள்ளீட்டு வரிப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் ஏறியிருக்கின்றனவா என்று வரி வரியாக ஒத்துப் பார்க்கிறார்களே, அதை ஒரே திரையில் செய்யச் சொல்வது தண்டனை. மூன்று, நான்கு திரை யாருக்கும் வேண்டாம். கழுத்துத் திருகுவதுதான் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. நிறத்தை இந்தத் திரைகளில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு மானிட்டர்கள் ஒரே நீலத்தை இரண்டு நீலமாகக் காட்டும். சாயமேற்றிய சிறு நிற மாதிரியான லேப் டிப்பை, நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் டி65 (பகல்) வெளிச்சத்திலும், பையர் கேட்டால் டிஎல்84 (கடை விளக்கு) வெளிச்சத்திலும் பார்ப்பதுதான் சரி. திரை எண்ணுக்கும் எழுத்துக்கும் மட்டும்.

வாங்கி வைத்த சில கம்பெனிகளில் இரண்டு திரையிலும் ஒரே காட்சி தெரிவதைக் கண்டு "இதில் என்ன லாபம்" என்று கழற்றிவிட்டார்கள். விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி "எக்ஸ்டெண்ட்" என்பதைத் தேர்ந்தால் போதும். எக்செல் 2010 அல்லது அதற்கும் பழையது என்றால் எல்லா ஃபைலும் ஒரே சட்டத்துக்குள் திறக்கும். 2013 முதல்தான் ஒவ்வொன்றும் தனியாகத் திறந்து பக்கத்துத் திரைக்கு நகரும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். அட்டைப்பெட்டிமேல் ஏற்றி வைத்தாலும் சரிதான். நம்மிடம் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்?

புதிதாக வாங்க மனம் வராவிட்டால் கோடவுனில் பாருங்கள். டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு மாறியபோது ஒதுக்கிய மானிட்டர்கள் தூசி படிந்து கிடக்கும். விஜிஏ மட்டும் உள்ள பழையதாக இருந்தாலும் எச்டிஎம்ஐயிலிருந்து மாற்றும் சிறு அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டெக் பேக்கை மட்டும் காட்ட அது தாராளமாகப் போதும். அடுத்த சீசன் ஆர்டர் ஷீட் வருவதற்குள் அதில் ஒன்றைத் துடைத்து, அதிக ஸ்டைல் பார்க்கும் மெர்ச்சண்டைசர் யாரோ அவர் மேசைக்கு முதலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஒருவர்