புதுநன்மைக்குப் பத்து நாள் போதாது

தமிழகப் பங்குத்தந்தையருக்கும், கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்தும் அருட்சகோதரியருக்கும் அருட்சகோதரருக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பல பங்குகளில், பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை (பூசையில் அர்ச்சித்த அப்பம்) வாங்கும் புதுநன்மைக்கான வகுப்பு மே மாதத்தில்தான் தொடங்குகிறது. பத்து நாள், காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை. பதினோராம் நாளில், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் முதல் பாவசங்கீர்த்தனம், பன்னிரண்டாம் நாள் புதுநன்மை. இந்த வழக்கத்தைக் கைவிட்டு, ஜூன் மாதம் தொடங்கி அடுத்த ஆண்டின் பாஸ்கா (ஈஸ்டர்) காலம் வரை ஞாயிறுதோறும் தயாரிக்க இடம் கொடுங்கள் என்று கேட்கவே மறைக்கல்வி ஆசிரியர்களாகிய நாங்கள் இம்மடலை எழுதுகிறோம்.

மணிக்கணக்கு பார்த்தால் கோடை வகுப்பே மேல் என்று தோன்றும். பத்து நாளில் முப்பது மணி நேரம் கிடைக்கிறது. தேர்வுகள், கிறிஸ்மஸ், பங்குத் திருவிழா எல்லாம் போக ஓராண்டில் முப்பது ஞாயிறுகள் தேறும். முக்கால் மணி வீதம் அது இருபத்திரண்டரை மணிதான். ஆனால் முப்பது ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளை முப்பது திருப்பலி காண்கிறது. வாசகம் எப்போது முடியும், எப்போது முழந்தாளிட வேண்டும், காணிக்கைப் பவனி எதற்கு என்பதெல்லாம் தானாகவே பழகிவிடும். கோடை வகுப்பில் இவற்றைப் பாடமாகச் சொல்லித்தான் கொடுக்க முடியும். பத்து நாளில் மனப்பாடமான மந்திரம் ஜூலையில் மறந்துபோவதும், புதுநன்மை வாங்கிய மறு ஞாயிறே முன்வரிசை காலியாவதும் இதனால்தான்.

வயதைத் தள்ளிப்போடும்படி நாங்கள் கேட்கவில்லை. 1910 ஆகஸ்ட் 8 அன்று திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆணை, பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயதுவரை பிள்ளைகளைக் காக்கவைத்த பழக்கத்தை நிறுத்தி, ஏறக்குறைய ஏழு வயதில் புத்தி விவரம் தெரிந்ததும் நற்கருணைக்கு அழைத்தது. இன்றைய திருச்சபைச் சட்டம் 913 கேட்பது தங்கள் திறனுக்கேற்ற அறிவும் கவனமான தயாரிப்பும். 914 அந்தப் பொறுப்பை முதலில் பெற்றோர் மேலும், அடுத்துப் பங்குத்தந்தை மேலும் வைக்கிறது. மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ, உங்கள் பங்கில் உள்ள வயது அப்படியே இருக்கட்டும்.

முதல் வேலை சான்றிதழ். ஜூன் முதல் ஞாயிறு பதிவு தொடங்கும்போதே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றதற்கான சான்றிதழைக் கேட்டுவிட வேண்டும். சென்னை, கோவை, திருப்பூர்ப் பங்குகளில் பல பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு வேறு ஊரில் நடந்திருக்கும். ஊர்ப் பங்குக்கு எழுதி, பதிவேட்டைத் தேடி, பதில் வருவதற்கு மாதங்கள் ஆகலாம். திருமுழுக்குப் பெயர் அந்தோணி, பள்ளிப் பெயர் வேறு, முதலெழுத்து வேறு என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில் தெரிந்தால் சரிசெய்துகொள்ளலாம். மே மாதத்தில் தெரிந்தால் தலைவலி.

அதைவிடப் பெரிய சிக்கல், பிள்ளைக்குத் திருமுழுக்கே ஆகவில்லை என்று கடைசி வாரத்தில் தெரியவருவது. அவசர அவசரமாகச் சனிக்கிழமை திருமுழுக்கு, ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை என்று முடிக்கிறார்கள். ஏழு வயது நிறைந்து விவரம் தெரிந்த பிள்ளைக்குத் திருமுழுக்கு விஷயத்தில் வயதுவந்தோருக்கான சட்டமே பொருந்தும் என்கிறது திருச்சபைச் சட்டம் 852. சிறுவருக்கு ஏற்றவாறு அமைந்த திருமுழுக்குத் தயாரிப்பு அந்தப் பிள்ளைக்குத் தேவை. திருமுழுக்கு, உறுதிப்பூசுதல் (விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் அருளடையாளம்), நற்கருணை மூன்றையும் ஒன்றாகப் பெறுவதே அங்கு முறை. சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் தண்ணீராலும் தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலும் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைக்கு மறுபடி திருமுழுக்குக் கொடுக்கக்கூடாது. இவற்றை விசாரித்து முடிவெடுக்க உங்களுக்கு நேரம் வேண்டும்.

வகுப்புக்கு ஓர் ஆசிரியருக்குப் பதினைந்து பிள்ளைக்கு மேல் வேண்டாம். நாற்பது பேர் சேர்ந்து சொன்னால் கோயிலே அதிரும், ஆனால் அதில் யாருக்குத் தெரியும், யார் வாயசைக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து இரண்டு நிமிடம் கேட்டால் போதும்.

செபங்களில் நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. வகுப்பில் “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று படிக்கும் பிள்ளை, வீட்டில் பாட்டியோடு “பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே” என்று சொல்லும். மரியாவை நோக்கிய மங்கள வார்த்தைச் செபத்தில் புதிய முறையில் “தூய மரியே” என்று தொடங்கி, பழைய முறையில் “சர்வேசுரனுடைய மாதாவே” என்று முடிக்கும். பாட்டி சொல்வது தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் செபம்தான் அந்தக் குடும்பத்தில் விசுவாசத்தைக் காத்தது. இரண்டும் ஒரே செபம், கோயிலில் எல்லாரும் சேர்ந்து சொல்வது இது என்று சொல்லிக்கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும். ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்குச் செபங்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பதையும் தவிர்க்கலாம். ‘தந்தை’ என்பதும் ‘அருள்’ என்பதும் அதில் வேறு ஏதோ ஒலியாகிவிடும், பிறகு திருத்துவது கடினம். கேட்டுக் கேட்டுச் சொல்லப் பழக்குவதே நல்லது.

இனி பாவசங்கீர்த்தனம். தயாரிப்பில் அதிகம் கெட்டுப்போவது இதுதான். முதல் பாவசங்கீர்த்தனத்தைப் புதுநன்மைக்கு முந்தின நாள் வைக்கவேண்டாம். தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை வையுங்கள், புதுநன்மைக்கு முந்திய வாரம் இரண்டாவது முறை வரட்டும். இரண்டாம் முறை வரும்போது பிள்ளைக்குப் பயம் பாதியாகக் குறைந்திருக்கும். ஒரே முறை, அதுவும் புது உடை, ஸ்டுடியோ, விருந்து எல்லாம் கண்முன் நிற்கும் நாளில் நடந்தால், நன்மை வாங்குவதற்கு முன் முடித்தாக வேண்டிய ஒரு சடங்காகவே அது மனதில் பதியும்.

பாவங்களின் பட்டியலை எழுதிப்போட்டுப் பிள்ளைகளை நகலெடுக்கச் சொல்லும் பழக்கமும் நிற்க வேண்டும். “பொய் சொன்னேன், சண்டை போட்டேன், கீழ்ப்படியவில்லை” என்று அறுபது பிள்ளைகளும் ஒரே வரிசையில் ஒப்பிப்பதை நீங்களே கேட்டிருப்பீர்கள். எழுதிய தாள் தொலையும், இன்னொரு பிள்ளை எடுத்துப் படிக்கும். பட்டியலுக்குப் பதில் ஆன்ம சோதனையைக் கேள்விகளாகக் கொடுக்கலாம்: இந்த வாரம் யாரை அழவைத்தாய்? உன்னுடையது இல்லாத எதை எடுத்தாய்? யாரை விளையாட்டில் சேர்க்காமல் விட்டாய்? பதிலைப் பிள்ளை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும்.

பிழைக்கும் பாவத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இரண்டு முழு வகுப்பு ஒதுக்க வேண்டும். கை தவறித் தட்டு உடைந்தது பாவம் இல்லை. உடைத்துவிட்டுத் தம்பி மேல் பழி போட்டது பாவம். அம்மா கூட்டிவராததால் ஞாயிறு பூசைக்கு வர முடியாமல் போனது எட்டு வயதுப் பிள்ளையின் பாவம் இல்லை. இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் தன்னுடையது அல்லாத குற்றத்தைப் பிள்ளை சுமக்கும். பெற்றோரிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும்: “சாமியார்கிட்ட இதைச் சொல்லு” என்று அனுப்பக்கூடாது, வந்ததும் “என்ன சொன்னே?” என்று கேட்கக்கூடாது. ஆசிரியர்களும் அப்படியே.

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு நான்கு நிமிடம் என்றால் அறுபது பிள்ளைக்கு 240 நிமிடம். ஒரே குரு என்றால் நான்கு மணி நேரம். பின்வரிசைப் பிள்ளைகள் சோர்ந்து, பேசி, அடிபட்டு, எரிச்சலோடு உள்ளே போவார்கள். அக்கம்பக்கத்துப் பங்குகளிலிருந்து இரண்டு குருக்கள் வந்தால் ஒன்றரை மணிக்குள் முடியும். வரிசை பத்தடி தள்ளி நிற்க வேண்டும், பேச்சு காதில் விழக்கூடாது. ஆனால் குருவும் பிள்ளையும் இருக்குமிடம் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். மூடிய அறை வேண்டாம்.

நற்கருணை வாங்கும் முறையை அர்ச்சிக்கப்படாத அப்பத்தைக் கொண்டு இரண்டு முறை பழக்கினால் போதும். இது இன்னும் அப்பம்தான், பூசையில் குரு அர்ச்சித்த பிறகு இது இயேசுவின் உடல் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். பழக்காமல் விட்டால், இனிப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்த பிள்ளை முகம் சுளிக்கும். அண்ணத்தில் ஒட்டிக்கொண்டதும் விரலை விட்டு எடுக்கும். ஒட்டினால் நாக்கால் மெதுவாக நகர்த்தி விழுங்கு என்று முன்பே சொல்லிவிடலாம். நாவில் வாங்குகிறவர்கள் தலையை லேசாக நிமிர்த்தி, நாக்கைக் கீழுதட்டின்மேல் நீட்டி, அசையாமல் நிற்க வேண்டும். முன்னால் பாய்ந்து கவ்வுவதால்தான் கீழே விழுகிறது.

கையில் வாங்குவதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தயக்கம் உண்டு. இடக்கையில் எதையும் வாங்காதே என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். இங்கே இடக்கை மேலே, வலக்கை கீழே என்றால் பிள்ளை திகைத்து, கடைசி நொடியில் கையை மாற்றும். இடக்கை இயேசுவுக்கு இருக்கை, எடுத்து உண்பது வலக்கை என்று விளக்கினால் அந்தத் தயக்கம் போய்விடும். “கிறிஸ்துவின் திருவுடல்” என்றதும் “ஆமென்” காதில் விழும்படி வரவேண்டும். அங்கேயே, குருவின் முன்பாகவே உட்கொள்ள வேண்டும், கையில் வைத்துக்கொண்டு நடக்கக்கூடாது. உள்ளங்கையில் துகள் இருக்கிறதா என்று பார்க்கவும் பழக்குங்கள். வெள்ளைக் கையுறை அணிந்த பெண்பிள்ளைகள் அதைக் கழற்றிவிட்டு வரட்டும். எரியும் மெழுகுவர்த்தியும் வலைத்துணி முக்காடும் ஒன்றாக வரிசையில் போவது ஆபத்து. திருமுழுக்கு வாக்குறுதி புதுப்பித்ததும் மெழுகுவர்த்திகளை அணைத்து வாங்கி வைத்துவிடலாம்.

உபவாசம் பற்றியும் சொல்ல வேண்டும். நள்ளிரவிலிருந்து ஒன்றும் உண்ணாத பழைய ஒழுங்கை இன்றும் பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். அது 1957-இல் மூன்று மணி நேரமாகவும், 1964-இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்துவிட்டது. இன்றைய சட்டம் 919-இன்படி நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்வரை உண்ணலாம், தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை. எட்டு மணிப் பூசைக்கு ஆறரை மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாம். மே வெயிலில் வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரம் நின்று பிள்ளை மயங்கி விழுவதைத் தடுக்க இந்த ஓர் அறிவிப்பு போதும்.

கோதுமை ஒவ்வாத பிள்ளை இருந்தால் பதிவின்போதே தெரிய வேண்டும். குளூட்டன் என்னும் கோதுமைப் புரதத்தை முற்றிலும் நீக்கிய அப்பம் செல்லாது, மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பத்தை வரவழைக்கலாம், அல்லது திருஇரத்தம் (அர்ச்சித்த திராட்சை இரசம்) மட்டும் கொடுக்கலாம். கற்றலில் குறைபாடுள்ள பிள்ளையைக் கேள்விபதில் தெரியவில்லை என்று ஒதுக்காதீர்கள். சட்டம் சொல்வது அவரவர் திறனுக்கேற்ற அறிவைத்தான்.

நாளைத் தேர்வதில் வழிகாட்டல் தெளிவாக இருக்கிறது. 2004-இல் வெளியான வத்திக்கான் அறிவுரை பெரிய வியாழனைத் தவிர்த்து, பாஸ்கா காலத்தின் இரண்டாம் முதல் ஆறாம் ஞாயிறு வரை, அல்லது கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழா, அல்லது பொதுக்கால ஞாயிறுகளைச் சொல்கிறது. நம் பள்ளித் தேர்வுகள் ஏப்ரலில் முடிவதால் மே மாத ஞாயிறு ஒன்று வசதிதான். மே மாதத்தில் கொடுங்கள், மே மாதத்தில் தொடங்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

செலவைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம், ஆனால் பேசியே ஆக வேண்டும். கவுன், கோட்டு, ஃபிளெக்ஸ், ஸ்டுடியோ, மண்டபம் என்று போகிறது. காசில்லாத குடும்பம் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுகிறது, அடுத்த வருஷமும் அப்படியே போகிறது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி எளிய வெள்ளை உடை என்று பீடத்திலிருந்து நீங்கள் சொன்னால்தான் எடுபடும். நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள். படம் எடுக்கப் பங்கு சார்பில் ஒருவர் போதும்.

பெற்றோர் கூட்டம் ஆண்டில் நான்கு வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஞாயிறு மாலை வைத்தால் ஷிப்ட் வேலைக்காரர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும். பெற்றோரின் திருமணச் சிக்கலையோ கோயிலுக்குக் கட்டாத வரியையோ காரணம் காட்டிப் பிள்ளையின் பெயரை அடிக்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறோம்.

பள்ளி நடத்தும் அருட்சகோதரியருக்கு: மறைக்கல்விக்கு நீதிபோதனைப் பாடவேளையைப் பயன்படுத்துங்கள், விளையாட்டு நேரத்தை எடுக்காதீர்கள். விளையாட்டை இழந்து வரும் பிள்ளை செபத்தையே வெறுக்கும். அரசு உதவி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் சமயப் பாடத்தில் உட்காரவைக்கக்கூடாது என்பது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. கத்தோலிக்கப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது. விடுதிப் பிள்ளைகளைப் பள்ளியிலேயே தயாரித்தால் அவர்களின் ஊர்ப் பங்குத்தந்தைக்கு முதலிலேயே தெரிவித்துவிடுங்கள். அங்கே ஒருமுறை, இங்கே ஒருமுறை என்று இரண்டு ‘முதல்’ நன்மை நடந்துவிடுகிறது.

உறுதிப்பூசுதலுக்கு இங்கே இரண்டே குறிப்புகள். ஞானப்பெற்றோர் உறுதிப்பூசுதல் பெற்ற, பதினாறு வயது நிறைந்த கத்தோலிக்கராக இருக்க வேண்டும், பிள்ளையின் தாயோ தந்தையோ அல்ல. திருமுழுக்கு ஞானப்பெற்றோரே நின்றால் மிக நல்லது. ஆயர் வரும் காலையில் நாற்பது பிள்ளைகளுக்கும் பங்குப்பேரவை உறுப்பினர் ஒருவரை நிறுத்துவது ஞான உறவாகாது. அடுத்தது, பங்குப் பதிவேட்டில் எழுதுவதோடு நில்லாமல் திருமுழுக்கு நடந்த பங்குக்கும் அறிவியுங்கள். விட்டுவிட்டால் பதினைந்து ஆண்டு கழித்துத் திருமண ஓலைக்கு (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்புக்கு) முன் அந்தப் பிள்ளை இரண்டு ஊருக்கும் அலையும்.

புதுநன்மை முடிந்த பிறகும் எட்டு ஞாயிறு அதே குழு, அதே ஆசிரியர், அதே வரிசை தொடர அனுமதியுங்கள். பாடம் எதுவும் வேண்டாம். நன்மை வாங்கியதும் என்ன பேசினாய் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசவும், அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துப்போகவும் அந்த நாட்கள் வேண்டும்.

வகுப்புக்கு ஆள் நாங்கள் சேர்க்கிறோம். பாடத்திட்டமும் முப்பது ஞாயிறுக்குப் பிரித்துத் தருகிறோம். மே கடைசி ஞாயிறு அறிவிப்பில், “வரும் ஞாயிறு புதுநன்மைப் பதிவு, திருமுழுக்குச் சான்றிதழோடு பெற்றோர் இருவரும் வாருங்கள்” என்று ஒரு வரி மட்டும் நீங்கள் வாசியுங்கள்.

கிறிஸ்துவில் அன்புடன்,
பங்கு மறைக்கல்வி ஆசிரியர்கள்