குழலில் எந்த நிலை என்று கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மகளின் தேர்வு நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சி. கடிதத்தில் பாதிக்கு மேல் குழலைப் பற்றியே எழுதியிருந்ததால் நானும் நேராக அதற்கே வருகிறேன். இரண்டு வருடப் பயிற்சி, மூன்று வர்ணம் பாடம், ஆனாலும் "எந்த நிலையில் இருக்கிறேன் என்று புரியவில்லை" என்கிறாய்.

வர்ணம் என்ற உருப்படிகளின் எண்ணிக்கையை ஒதுக்கி வை. பாடம் எதுவரை நடந்தது என்பதுதான் அதில் தெரியும். கை எதுவரை வந்திருக்கிறது என்பதற்கு, முதல் பாடமான ஸ்வரப் பயிற்சி, அந்தச் சரளி வரிசையே போதும்.

முதலில் ஊதலைப் பார். தம்பூராவைப் போட்டுக்கொண்டு நடு ஸ்தாயியின் ஸட்ஜம் (ஸ), பஞ்சமம் (ப), மேல் ஸ்தாயியின் தார ஸட்ஜம் ஒவ்வொன்றையும் ஒரு முழு மூச்சுக்குப் பிடி. எத்தனை விநாடி நின்றது என்பது இரண்டாவது விஷயம். கடைசி மூன்றில் ஒரு பங்கைக் கவனி. மூச்சு தீரும்போது காற்றின் வேகம் குறையும், சுருதியும் கூடவே இறங்கும். உதட்டு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கி அந்த வேகத்தைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்குக் கடைசி நொடிவரை ஸ்வரம் தம்பூராவோடு ஒட்டி நிற்கும். தெரியாதவனுக்கு நாதம் அலை அலையாக அதிரத் தொடங்கும். இரண்டு சுருதிகள் மயிரிழை விலகியிருக்கின்றன என்பதற்கு அந்த அதிர்வே சாட்சி. பத்து விநாடி ஆடாமல் நிற்பது, இருபது விநாடி இழுத்துக் கடைசியில் தொங்குவதைவிட மேலான நிலை. ஊதும்போது தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தாய். பெரும்பாலும் அது காற்று வீணாவதால் வருவது. துளைக்கு வெளியே போகும் காற்றை ஈடுகட்ட வேகவேகமாக மூச்செடுக்கிறாய். சுற்றினால் உடனே நிறுத்தி ஓய்வெடு. உதட்டின் குவிப்பு சரியானால் அது தானாகவே குறையும்.

தார ஸ்தாயி இன்னும் கறாரான பரீட்சை. பலமாக ஊதினால் யாருக்கும் மேல் ஸட்ஜம் வந்துவிடும். அதை மெல்லிய ஒலியில், பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில், சுருதி ஏறாமல் வாசிக்க முடிகிறதா? அதேபோல் கீழ் ஸ்தாயியின் மந்திர பஞ்சமத்தை, மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடாமல், கனமாக வாசிக்க முடிகிறதா? இரண்டும் வந்துவிட்டால் ஊதலில் நீ ஆரம்ப நிலையைத் தாண்டிவிட்டாய்.

அடுத்தது விரல். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்து ஒரு சரளி வரிசையை மூன்று காலமும் வாசித்துப் பதிவு செய். தட்டுக்கு ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. மூன்றாம் காலத்தில் என்ன நடக்கிறது என்று கேள். சரளி வரிசை பழகும் ராகமான மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபமும் (ரி) சுத்த தைவதமும் (த) துளையைப் பாதி மூடிப் பிடிப்பவை. வேகம் கூடும்போது விரல் அந்தப் பாதியை அளக்க நேரமில்லாமல் முழுவதும் எழுந்துவிடும். ரிஷபமும் தைவதமும் அடுத்த உயர்ந்த வகையான சதுஸ்ருதியாகி, ராகமே சங்கராபரணம் என்ற வேறு ராகத்தின் பக்கம் சாய்ந்துவிடும். வாசிப்பவனுக்கு இது தெரிவதே இல்லை, ஏனென்றால் அவன் காது தாளத்தில் இருக்கும். பதிவில் பளிச்சென்று தெரியும். எந்த வேகம் வரைக்கும் ராகம் கெடாமல் நிற்கிறதோ அதுதான் உன் வேகம். அதற்கு மேல் வாசிப்பதைத் திறமைக் கணக்கில் சேர்க்காதே.

ஸ்வரங்களை இரட்டையாக வாசிக்கும் ஜண்டை வரிசையிலும் ஒரு கண் வை. இரட்டை ஸ்வரத்தின் இரண்டாவது தட்டை வயிற்றிலிருந்து உந்தி ஊதுகிறவர்கள் உண்டு. அப்படி ஊதினால் ஒவ்வொரு உந்தலிலும் சுருதி மேலே குதிக்கும். விரலால் வெட்டிக் காட்டுவதும், துத்துகாரத்தால் நாவைக்கொண்டு பிரிப்பதும் தனித்தனியாகக் கைக்கு வரவேண்டும். எதை எங்கே பயன்படுத்துவது என்ற தீர்ப்பு வருவது அதற்கும் மேலான நிலை.

வாசித்து முடித்ததும் விரல்களைத் திருப்பிப் பார். துளையின் வட்டத் தடம் விரலின் சதைப்பகுதியில் முழுசாக, லேசாக இருந்தால் சரி. வட்டம் அறுந்திருந்தால் அந்த விரலில் காற்று கசிகிறது. கீழ் ஸ்வரங்கள் கரகரப்பதற்கு முதல் சந்தேகம் அங்கேதான், குறிப்பாக மோதிர விரலில். தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் இறுக்கிப் பிடிக்கிறாய். அந்த இறுக்கம்தான் மூன்றாம் காலத்தில் விரலைப் பூட்டுகிறது.

ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு வரும்போது ட்யூனர் செயலியை அணைத்துவிடு. நீண்ட ஸ்வரத்துக்கு அது நல்ல துணை. ஆனால் தோடி ராகத்தின் அசையும் காந்தாரத்தை அதனிடம் காட்டினால் முள் அலைந்துகொண்டேதான் இருக்கும். இங்கே அளவுகோல் உன் குரல்தான். ஒரு வரியைப் பாடு, உடனே வாசி. பாடியதில் இருந்த அசைவு குழலில் எங்கே தட்டையானது என்று பார். வாய்ப்பாட்டின் கமகம் முழுவதையும் குழலில் கொண்டுவர முடியும் என்று நிரூபித்தவர் குழல் மேதை மாலி (டி.ஆர். மகாலிங்கம்). அவருக்குப் பிறகு 'குழலில் இவ்வளவுதான் வரும்' என்ற சமாதானம் செல்லாது. மோகன வர்ணம் என்றால் ராகத்தை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய தர்பார், நாயகி ராகங்களைச் சாகித்யத்தின் (பாட்டு வரிகளின்) உதவியில்லாமல், ஆளுக்கு இரண்டு வரி வாசித்து, கேட்பவர் குழம்பாமல் பிரித்துச் சொன்னால், அன்றைக்கு உன்னை வித்வான்களின் வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

மேற்கத்திய முறையில் படிநிலைத் தேர்வுகள் இருப்பதைச் சொல்லி, நமக்கு அப்படி இல்லையே என்று வருத்தப்பட்டிருந்தாய். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பு நடத்தும், தேர்வாளர் முன் நேரில் வாசிக்கும் வழக்கமான தேர்வில் எட்டுப் படிகள், ஒவ்வொன்றிலும் மொத்தம் 150 மதிப்பெண், தேர்ச்சிக்கு 100. அதில் எனக்குப் பிடித்தது படிகளின் எண்ணிக்கை இல்லை. உருப்படிகளுக்கு 90 போக, மிச்சம் 60 மதிப்பெண்ணை ஸ்வர வரிசைக்கும், பார்த்தவுடன் வாசிப்பதற்கும், காதுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாடம் பண்ணாத ஒன்றை எப்படிக் கையாள்கிறாய் என்ற கேள்வியை நீயும் உன்னிடம் கேட்டுக்கொள். இதுவரை வாசிக்காத ஒரு கீதத்தின் இரண்டு வரியை யாராவது பாடட்டும். எத்தனை முறை கேட்டபின் வாசிக்க வருகிறது?

'ஆறு மாதமாகப் பின்னால் போகிறேன்' என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். கை அப்படியே இருக்க, காது முன்னால் போய்விட்டால் இப்படித்தான் தோன்றும். முன்பு கேட்காத பிசகெல்லாம் இப்போது கேட்கிறது. நிஜமாகவே பின்னடைவா என்று பழைய பதிவோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஒப்பிடும்போது குழலை மாற்றாதே. ஐந்து கட்டைச் சுருதிக் குழலிலிருந்து, சுருதி குறைந்த நீளமான இரண்டு கட்டைக் குழலுக்குப் போனால் துளைகள் விலகியிருக்கும், காற்றும் அதிகம் கேட்கும். சில வாரம் எல்லாமே குறைந்த மாதிரி இருக்கும். வெப்பத்தையும் மறக்காதே. குழலுக்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) ஏறும். காலையில் எடுத்ததும் பதிவு செய்துவிட்டுச் சுருதி இறங்கிவிட்டதென்று வருந்தாமல், ஐந்து நிமிடம் வாசித்தபின் பதிவைத் தொடங்கு.

மாதம் ஒரு முறை போதும். மூன்று நீண்ட ஸ்வரம், ஒரு சரளி மூன்று காலம், ஒரு வர்ணத்தின் முதற்பாதியான பூர்வாங்கம் இரண்டு காலம், புதிதாகக் கேட்ட இரண்டு வரி. ஒரே குழல், ஒரே இடம், கைப்பேசிக்கும் உனக்கும் ஒரே தூரம். பதிவு செய்த அன்றே கேட்காதே. விரல் பட்ட பாடு நினைவில் இருக்கும்வரை காது நியாயம் சொல்லாது. ஒரு வாரம் போனபின் கேள்.

முதல் பதிவை எனக்கும் அனுப்பு. எத்தனை கட்டைக் குழல் என்பதையும் குறித்து அனுப்பு. தார ஸ்தாயியை மட்டும் திருத்தாமல், வந்தபடியே விட்டுவை.

அன்புடன்,
ராஜகோபால்