கோமதிக்கு: ரோமில் ஒரு நாள்

அன்புள்ள கோமதி,

நாங்கள் ஊர் திரும்பியபோது உன் கடிதம் வந்து காத்திருந்தது. பேரனுக்குப் பல் முளைத்த செய்தியை இவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்ததும் படம் அனுப்பு. அப்புறம், "இந்த முட்டி வலியோடு ரோமுக்குப் போய் என்னத்தைப் பார்க்கப் போகிறோம்" என்று எழுதியிருந்தாயே, இந்தக் கடிதம் முழுக்க அதற்குத்தான் பதில்.

அங்கே ஐந்து நாள் இருந்தோம். நான்கு நாள் கொலோசியம், ஃபோரம், வாட்டிகன் என்று வரிசையில் நின்று, நேரம் பார்த்து ஓடினோம். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கண்ணை மூடினால் எனக்கு நினைவுக்கு வருவது கடைசி நாள். அன்றைக்குத் திட்டமே போடவில்லை. நடப்பது, பசித்தால் சாப்பிடுவது, கால் வலித்தால் உட்காருவது, அவ்வளவுதான்.

விடிந்ததும் ட்ரெவி நீரூற்றுக்குப் போய்விட்டோம். கூட்டமே இல்லை. தண்ணீர் விழும் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. நீரூற்றைக் கட்டி முடித்தது 1762இல். ஆனால் அதற்கு வரும் தண்ணீருக்குக் கி.மு. 19இலேயே வழி வெட்டிவிட்டார்கள். அக்ரிப்பா என்பவர் ஊருக்கு வெளியிலிருந்து பெரும்பாலும் நிலத்துக்கு அடியிலேயே கால்வாய் போட்டுக் கொண்டுவந்தார். நடுவில் பழுதாகி, செப்பனிட்டு, இன்னும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் படியில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் குடிநீர் வாரியத்தில் இருந்தவர் இல்லையா!

பக்கத்துச் சந்தில் நின்றபடியே காப்பி குடித்தோம். அங்கே முகப்பு மேசையில் நின்று குடிப்பதுதான் வழக்கம், உட்கார்ந்தால் பெரும்பாலும் விலை கூடும். கூடவே மரிட்டொட்ஸோ என்ற பன். நடுவில் கீறி, வெளியே வழிகிற அளவுக்குக் கிரீம் அடைத்துத் தருவார்கள். ஒன்றை வாங்கி இரண்டாகப் பிய்த்துக்கொண்டோம்.

தெருவுக்குத் தெரு வார்ப்பிரும்புக் குழாய்த்தூண் ஒன்று நிற்கும். அதற்கு நாஸோனே என்று பேர், பெரிய மூக்கு என்று அர்த்தம். 1874இலிருந்து நிற்கிறது, ஊர் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கிறதாம். நல்ல குடிதண்ணீர், காசு கிடையாது. நான் குனிய முடியாமல் தடுமாறுவதைப் பார்த்து ஒரு பாட்டி பக்கத்தில் வந்தாள். குழாயின் வாயை விரலால் அடைத்தாள். உடனே குழாய் மேலே இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும்பி என் வாய்க்கு நேராக வந்தது! நிமிர்ந்து நின்றே குடிக்கலாம். முட்டி வலிக்காரர்களுக்கென்றே செய்த மாதிரி இருந்தது, கோமதி.

அங்கிருந்து பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் பத்து நிமிஷ நடை. முகப்பில் அந்த அக்ரிப்பாவின் பேர்தான் பெரிதாகப் பொறித்திருக்கிறது. அவர் கட்டியது எரிந்துபோய், ஹேட்ரியன் என்ற பேரரசர் காலத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அப்போதும் முதலில் கட்டியவர் பேரையே வைத்தார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. குவிமாடத்தின் அகலம் 43 மீட்டருக்கு மேல், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. உள்ளே ஒரு இரும்புக் கம்பிகூட இல்லாத காங்கிரீட். உச்சியில் திறந்த வட்டம். நாங்கள் போனபோது லேசாகத் தூறியது. மழை நேராக உள்ளே விழுந்து, பளிங்குத் தரையின் சின்னத் துளைகளில் வடிந்துபோனது. 609இலிருந்து அது தேவாலயம். அதனால்தான் இடிபடாமல் தப்பியது என்கிறார்கள். ஓரமாக இருந்த பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம், யாரும் எழுப்பவில்லை.

காம்போ தெ ஃபியோரி என்ற சதுக்கத்தில் காலைச் சந்தை. அங்கே பீட்சாவை நீளத் தட்டில் சுட்டு, எவ்வளவு வேண்டும் என்று கத்தியை நகர்த்திக் காட்டிக் கேட்டு, வெட்டி எடை போட்டுத் தருகிறார்கள். ஆலிவ் எண்ணெயும் கல்லுப்பும் மட்டும் போட்ட வெறும் பீட்சா இருக்கிறது பார், அதுதான் சிறந்தது. காகிதத்தில் சூடாக மடித்துக் கொடுத்ததை, 1600இல் அங்கேயே உயிரோடு எரிக்கப்பட்ட தத்துவஞானி ஜோர்டானோ புரூனோவின் சிலைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் யூதர்கள் வாழ்ந்த பகுதி. 1555இல் போப்பாண்டவர் ஆணையால் அவர்களைச் சுவருக்குள் அடைத்திருந்தார்கள். அங்கே ஆர்ட்டிசோக் என்ற, பூமொட்டு மாதிரி இருக்கிற காயை முழுசாக எண்ணெயில் இரண்டு தடவை பொரித்து, விரிந்த பூ மாதிரித் தட்டில் வைக்கிறார்கள். இதழ் அப்பளம் போல நொறுங்குகிறது, அடிப்பகுதி வெண்ணெயாகக் கரைகிறது. சாப்பிட்டு வெளியே வந்தால் வாசல்களில் உள்ளங்கை அளவுப் பித்தளைக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பேர், பிறந்த வருஷம். 1943 அக்டோபர் 16 அன்று நாஜிகள் ஊரிலிருந்து பிடித்துக்கொண்டு போன யூதர்கள் ஆயிரம் பேருக்கு மேல். திரும்பி வந்தவர்கள் 16 பேர். ஒரே வாசலில் நான்கு கற்கள் சேர்ந்தாற்போல இருந்தன, நாலும் ஒரே குடும்பப் பேர். பாலம் வரும்வரை நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அது ஃபாப்ரீச்சியோ பாலம், கி.மு. 62இல் கட்டியது. காட்சிப் பொருளாக வேலி போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். காய்கறிப் பையோடு ஒருத்தி போகிறாள், ஒரு பையன் பந்தைத் தட்டிக்கொண்டே போகிறான். இந்த ஊரில் என்னைக் கட்டிப்போட்டது இந்தப் புழக்கம்தான். பழையது என்று தள்ளி வைக்காமல் அதன் மேலேயே நடக்கிறார்கள், அதிலேயே குடிக்கிறார்கள்.

ராத்திரி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ட்ராஸ்தேவரே பகுதியில் காச்சோ எ பேபே என்ற பாஸ்தா. பாஸ்தா வெந்த தண்ணீர், ஆட்டுப்பால் சீஸ், மிளகு, அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது, கிரீம் கிடையாது. கரகரவென்று உடைத்த மிளகின் வாசனை மூக்கில் ஏறியதும் நம் தமிழ் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. யவனர் கப்பல் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்று சேர்ந்து மனப்பாடம் செய்தோமே! முந்தின நாள்தான் ஃபோரத்தில், டொமிஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்த இடத்தைப் பார்த்திருந்தோம். அதை இவரிடம் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் தன் தட்டில் மிச்சமிருந்ததை என் பக்கம் நகர்த்தினார்.

நீங்கள் மார்ச்சில் போங்கள். ஆர்ட்டிசோக் அப்போதுதான் நன்றாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. தெருவெல்லாம் கருங்கல் பாவியது, தட்டையான நல்ல ஷூ வேண்டும். இவர் உன் வீட்டுக்காரருக்காக எங்கள் வரைபடத்தில் உட்கார வசதியுள்ள இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார். குழாய் இருக்கும் இடங்களுக்குப் புள்ளி. இதோடு மடித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சரோஜா