தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கே மறுபடி ஆட விடாதீர்கள்

சென்னைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மண்டலப் போட்டிகள், பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை என்று ஆண்டு முழுக்க நம் பிள்ளைகள் ஆடுகிறார்கள். கபடியில் ரெய்டரின் காலைப் பிடிக்கக் குனிபவர் நெற்றியில் முழங்கால் மோதுகிறது. கால்பந்தில் ஹெட்டருக்கு எழும்பும் இருவர் தலை முட்டிக்கொள்கிறது. உடனே முகத்தில் தண்ணீர் அடித்து, சோடா கொடுத்து, "உன் பேர் என்ன? இது எத்தனை விரல்?" என்று கேட்கிறார்கள். சரியாகச் சொன்னால் முதுகில் தட்டி உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தலையில் பட்ட அடியில் மூளை குலுங்குவதைத்தான் மூளை அதிர்வு (கன்கஷன்) என்கிறோம். அது ஏற்பட்டவருக்குத் தன் பெயர் மறப்பதில்லை. சற்று முன் நடந்ததுதான் நழுவுகிறது. எனவே இப்படிக் கேளுங்கள்: "இப்ப எந்த கிரவுண்ட்ல இருக்கோம்? இது முதல் பாதியா, ரெண்டாவது பாதியா? கடைசி பாயிண்ட் யார் எடுத்தது? போன மேட்ச் யாரோட ஆடினோம், ஜெயிச்சோமா?" சின்ன வகுப்புப் பிள்ளையிடம், "சாப்பாட்டு பெல் அடிச்சாச்சா? கடைசி பீரியட் என்ன?" ஒரு பதில் தவறினாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. தள்ளாட்டம், வெறித்த பார்வை, தாமதமான பதில், "தலை பாரமா இருக்கு சார்" என்ற ஒரு வார்த்தை, இவற்றில் எது இருந்தாலும் அப்படியே. மயக்கம் வருமா என்று காத்திருக்காதீர்கள். மூளை அதிர்வு அடைந்தவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட மயக்கம் வருவதில்லை.

எல்லாப் பதிலும் சரியாக இருந்தாலும் திரும்ப அனுப்பக் கூடாது என்கிறோம். 2019 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் பவுன்சர் பந்து பட்டு விழுந்தார். மருத்துவர் செய்த சோதனைகளில் தேறி அன்றே மீண்டும் பேட் பிடித்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. அவருக்குப் பதில் சக வீரர் லபுஷேன் ஆடினார். மருத்துவக் குழு சூழ நின்ற இடத்திலேயே அறிகுறி ஓர் இரவு கழித்து வந்திருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். மூளை குலுங்கும்போது செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக குளுக்கோஸ் தேவைப்படும் நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. இந்தக் கோளாறு சி.டி. ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் மட்டுமே. "ஸ்கேன் நார்மல்" என்ற தாளை ஆட அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நிலையில் இன்னொரு அடி பட்டால் வாரங்களில் தீர வேண்டியது மாதக்கணக்கில் நீளும். அரிதாக, இளம் வயதினருக்கு மூளை வீங்கி உயிரே போகும்.

108-ஐ உடனே அழைக்க வேண்டிய அறிகுறிகள்: திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பக் கடினமான தூக்கம், கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர். கழுத்து வலி இருந்தால் ஆளை அசைக்கவே கூடாது. கிரிக்கெட் வீரர் ராமன் லாம்பா 1998-இல் டாக்காவில் நெற்றியோரம் பந்து பட்டபின் தானே நடந்து வெளியேறினார். மூன்று நாளில் இறந்தார். அதனால் நன்றாகப் பேசுகிற பிள்ளையையும் தனியாக பஸ்ஸில் அனுப்பாதீர்கள். பெற்றோர் வந்து அழைத்துப் போகட்டும். வலிக்கு பாராசிட்டமால் போதும். முதல் இரண்டு நாள் ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் வேண்டாம். மாத்திரை போட்டு ஆட வைப்பது கூடவே கூடாது.

தேறும் காலத்தில்தான் பள்ளிகள் அதிகம் சறுக்குகின்றன. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது பழைய பழக்கம். அது மீட்சியைத் தாமதப்படுத்துகிறது. முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டு நடமாட்டத்தோடு ஓய்வு, செல்போனும் டிவியும் முடிந்தவரை குறைவு. பிறகு நடை. தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பிள்ளையிடமே கேளுங்கள். நடந்தபின் அது முன்பிருந்ததைவிட இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கூடாமல் ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் தொடரலாம்.

வகுப்புக்கு முதலில் அரைநாள் வரட்டும். காலை பிரேயரில் வெயிலில் நிற்க வேண்டாம்; வெயிலும் நீரிழப்பும் தலைவலியைக் கூட்டிவிடும், எது எதனால் என்றே தெரியாமல் போகும். ஸ்பெஷல் கிளாஸும் மாலை டியூஷனும் காத்திருக்கலாம். காலாண்டுத் தேர்வு குறுக்கிட்டால் கூடுதல் நேரம் கொடுங்கள், அல்லது தள்ளிவையுங்கள். முழுநாள் பாடம் தாங்காத பிள்ளை முழு ஆட்டமும் தாங்காது.

களத்துக்குத் திரும்ப ஆறு படிகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள். அன்றாட வேலை. அடுத்து நடை, சைக்கிள்: 15 வயதுப் பிள்ளைக்கு முதலில் நாடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 110 வரை, பின் 140 வரை. மணிக்கட்டில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். மூன்றாவது, தனியாக ஓட்டம். நான்காவது, மோதல் இல்லாத குழுப் பயிற்சி. ஐந்தாவது, முழுப் பயிற்சி. கடைசியில்தான் போட்டி. மூன்றாம் படி தாண்ட, உழைத்தாலும் எந்த அறிகுறியும் வரக் கூடாது. மருத்துவரின் எழுத்தும் வேண்டும். அதன்பின் அறிகுறி திரும்பினால் மூன்றாம் படிக்கே இறங்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். தாண்டினால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இறுதிப் போட்டியில் நல்ல ரெய்டரை உட்கார வைப்பது பி.டி. மாஸ்டருக்கு எவ்வளவு கடினம் என்பது தெரியும். அந்தச் சுமையை அவர் ஒருவர் தலையில் வைக்காதீர்கள். தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட சுற்றறிக்கையாக விதியைப் போடுங்கள்: எந்த ஆசிரியரோ, சக வீரரோ கை காட்டினாலும் பிள்ளை வெளியே, யாரும் அதை மாற்ற முடியாது. வெளியே வந்த பிள்ளையின் இடம் அணியில் அப்படியே இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இடம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பிள்ளைகள் தலைவலியை மறைக்கிறார்கள்.

இப்படிக்கு,
விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள், இயன்முறை சிகிச்சையாளர்கள்
சென்னை