தடுக்கி விழுந்தால் மட்டும் சாதாரணப் பெண் ஆகிவிடுவாளா?

ரொமான்டிக் காமெடி நாவல்களை வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். பிரதியைத் திருப்பி அனுப்பும்போது "நாயகியோடு ஒட்ட முடியவில்லை, இன்னும் சாதாரணமானவளாக ஆக்குங்கள்" என்று எழுதுகிறீர்கள். எழுத்தாளரும் அவளுக்குக் கண்ணாடி மாட்டி, முதல் அத்தியாயத்தில் காபியைக் கொட்ட வைத்து, அடுத்ததில் நாயகன் மேல் தடுக்கி விழ வைத்து அனுப்பிவிடுகிறார். விழுந்ததில் அவளுக்கு எந்த நஷ்டமும் இல்லையே! பிறகு எப்படி மனசு ஒட்டும்?

குறை என்றால் அது கதையில் அவளைப் படுத்த வேண்டும். யாரிடமும் "முடியாது" என்று சொல்ல வராதவளா? மாதக் கடைசியில் பக்கத்து மேசைக்காரரின் கணக்கையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, முதல் சந்திப்புக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போகட்டும். கதையின் முக்கால் பாகத்தில் வரும் பிரிவும் அதே குணத்தால் வரட்டும்: பழைய காதலன் கேட்ட உதவியை மறுக்க முடியவில்லை, அதை இவனிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அரைகுறையாக ஒட்டுக்கேட்டுப் பிரியும் காட்சி அநேகமாக எடுபடாது. ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும் என்று வாசகருக்குத் தெரியும்.

வேலையையும் இப்படியே சோதித்துப் பாருங்கள். பேக்கரிக்காரியைப் பல் மருத்துவமனை வரவேற்பாளராக மாற்றியும் கதை அப்படியே நிற்கிறதென்றால், அந்த வேலை வெறும் ஒப்பனை.

நெருக்கம் வருவது நுணுக்கத்தால். 1996-இல் வெளியான "பிரிட்ஜெட் ஜோன்ஸின் நாட்குறிப்பு" என்ற ஆங்கில நாவலில் நாயகியின் உடல் எடை, குடித்த மது, புகைத்த சிகரெட் எல்லாம் எண்ணிக்கையோடு வரும். "எடையை நினைத்துக் கவலைப்பட்டாள்" என்று மட்டும் இருந்தால் யார் நினைவில் நிற்கும்? இப்படி ஒரு காட்சி வையுங்கள்: நாயகி நாயகனுக்கு "வர்றீங்களா?" என்று டைப் செய்து அழிக்கிறாள். "வந்தா நல்லா இருக்கும்" என்று அடித்து அதையும் அழிக்கிறாள். கடைசியில் அனுப்புவது "ஓகே". வாசகர் சிரிப்பது அவளைப் பார்த்து அல்ல, அவளோடு சேர்ந்து.

தயவுசெய்து அந்த அலங்காரக் காட்சியை வெட்டுங்கள். கண்ணாடியைக் கழற்றி, முடியைத் திருத்திய பிறகுதான் நாயகன் திரும்பிப் பார்க்கிறான் என்றால், இருநூறு பக்கம் அவளோடு வந்த வாசகரின் முகத்தில் அறைந்த மாதிரி. 1813-இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் "பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்" நாவலைப் பாருங்கள். நாயகி எலிசபெத்தை முதலில் நடனத்துக்கு அழைக்கும் அளவுக்கு அழகில்லை என்று ஒதுக்கும் டார்சிதான், பிறகு அவள் கண்களை விட்டு மனதை எடுக்க முடியாமல் திண்டாடுகிறான். அவள் எந்த அலங்காரமும் செய்துகொள்ளவில்லை, அவன் பார்வைதான் மாறியது.

நாயகனுக்கும் இதே அளவுகோல்தான். கோடீஸ்வரன் வந்ததும் வாடகை, விடுப்பு, கடன் எல்லாம் ஒரே கையெழுத்தில் தீர்ந்துவிடும். சிரிப்பு விளையும் இடமே அவைதான்.

அடுத்த பிரதியைத் திருப்பும்போது எந்தப் பக்கத்தில் ஒட்டவில்லை, அங்கே அவளுடைய எந்தப் பயம், எந்த ஆசை தெரியாமல் போனது என்று ஓரத்தில் குறித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இந்த நாவல்களை விடாமல் வாசிப்பவர்கள்